புள்ளி இருக்கும் மூலை

காலை ஒன்பதரை, பகல் பன்னிரண்டேகால், மாலை நாலு.
மூன்று நிறுவை.
அவர்கள் மடுவம் என்பார்கள், நான் ஷெட் என்பேன்.
இடக்கையில் செங்கல் கனத்தில் கருவி,
வலக்கையில் நுனி வெட்டிய கம்பளி உறை.

ஆள் நம்பர், என்டர்.
எடை, என்டர்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கோத்தகிரியில் டிசம்பர் மாதம் கட்டைவிரலுக்கு
ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தான்
ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர்.

அதனால் கணக்குப் போட்டேன்.
முன்பூஜ்யம் வேண்டாம், வெறும் ஒன்பது போதும்.
எட்டு ஒட்டிக்கொள்ளும், ஓரத்தில் அழுத்தினால் ஒட்டாது.
அடுத்து நிற்பவள் அடுத்த நம்பரானால்
நம்பரே தேவையில்லை,
என்டரைத் தட்டினால் கருவியே ஒன்று கூட்டிக்கொள்ளும்.

கண்டுபிடித்த அன்றே
எல்லாரையும் நம்பர்படி நிற்கச் சொன்னேன்.
தலையில் மூட்டையோடு
முன்னால் வந்தவள் பின்னால் போனாள்.
எல்லாரும் வேலைக்கு வந்தால்
நிறுவைக்கு இருநூற்று இருபத்தெட்டு அழுத்தம் மிச்சம்.
ராத்திரி சுடுதண்ணீரில் கை வைக்கிறபோது
அந்த எண்ணைச் சொல்லிப் பார்ப்பேன்.

புள்ளிதான் தொல்லை.
அது இடது கோடி, என்டர் வலது கோடி,
நடுவே பூஜ்யம், சந்தைக்கடை மாதிரி அகலமாக.

மேடையில் 11.3 என்று சிவப்பாக எரியும்.
விரல் ஒன்றைத் தட்டும், மறுபடி ஒன்று,
இடது மூலையை ஒரு பார்வை பார்க்கும்,
வலது மூலைக்குப் போய்விடும்.
நான் முடிவு செய்ததாக நினைவில்லை.
விரல் முடிவு செய்தது,
நான் கூட இருந்தேன்.

முந்நூறு கிராம் என்றால்
ஏறக்குறைய ஐந்நூறு கிள்ளு.
நான் மிச்சம் பிடித்தது
இரண்டு அழுத்தம்.
(இந்தக் கணக்கை அப்போது போடவில்லை.)

ஒரு புதன்கிழமை முதல் மூட்டை 14.0.
அடுத்தது 9.0.
11.0.
மேடை கெட்டுவிட்டதென்று
என் சாப்பாட்டுப் பையை வைத்துப் பார்த்தேன்:
1.4.
மேடை நன்றாகத்தான் இருந்தது.
16.0.
12.0.

பகல் நிறுவைக்குச் சற்று முன்பு
ஒன்றுக்குப் போகிறவன்போல் ஷெட்டுக்குப் பின்னால் போனேன்.
சில்வர் ஓக் மரக்கிளையில் ஒரு கொக்கித் தராசு தொங்கியது,
பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கடையில் விற்பார்களே, அது.
ஐம்பத்தைந்து, யோகமணி,
என் விரல் நகரவே வேண்டாத ஒரே பெண்,
ஒரு மூட்டையிலிருந்து பிடி எடுத்து
இன்னொரு மூட்டையில் வைத்துக்கொண்டிருந்தாள்.
உப்புப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.
"உனக்கு முந்நூறு நான் தாரேன். நாளைக்கு நீ."
யார் யாருக்குப் பாக்கி என்று
ரூபவதி தன் பொத்தான் போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்,
ஆளுக்கு ஓர் எழுத்து,
என்னைவிடக் குறைந்த அழுத்தத்தில்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
மேனேஜரிடமும் போகவில்லை.
மழைக்குப் படங்கு கட்டிக்கொள்கிற மாதிரி
என்னைச் சமாளித்துக்கொண்டார்கள்.

மாலை நாலு. முதல் மூட்டை.
12.0.
ஒன்று. இரண்டு.
விரலை இடது மூலைக்கு அனுப்பினேன்.
புள்ளி.
பூஜ்யம்.
என்டர்.
சீட்டில் அது வராது,
கருவி பூஜ்யத்தை விழுங்கிவிட்டு
12 என்றே அச்சடிக்கும்.
அடுத்த மூட்டைக்கும் அடித்தேன்.
புள்ளி. பூஜ்யம்.

வரிசை இன்னும் நம்பர்படிதான் நிற்கிறது.
அதை எப்படித் திருப்பி எடுப்பதென்று தெரியவில்லை.
மூடுபனி ஷெட்டுக்குள் வந்து
மேடையின் சிவப்பு எண்ணை மங்கலாக்கியது.

"என்ன தம்பி, இன்னைக்கு இவ்வளவு மெதுவா?"
என்றாள் ஐம்பத்தைந்து.
பின்னாலிருந்து யாரோ,
"கை விறைச்சுப்போச்சு போல."

ஆமாம் என்றேன்.